பெட்டி ஒன்று, விலை இரண்டு

(தலைப்பு: ‘இன்றைய வணிக உலகத்தில் கலை வாழ்கிறதா? வீழ்கிறதா?’ – ‘வீழ்கிறதே’ அணியின் நிறைவுப் பேச்சு)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! வாழ்கிறது, வாழ்கிறது என்று வாய் வலிக்கப் பேசி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! எங்கள் அணித் தோழர்களே! அரங்கத்திலும், வீட்டுத் தொலைக்காட்சியின் முன்னாலும் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ரொம்ப அழகாகப் பேசினார். “அமெரிக்காவிலே ஒருத்தர் சூப் டப்பாவைப் படமாக வரைந்தார், உலகமே கொண்டாடியது. சாமான்யன் வாங்குகிற டப்பாவுக்கு வந்த மரியாதையைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏனென்றால், எனக்கு அப்போதுதான் ஒரு உண்மை விளங்கியது. எங்கள் வீட்டில் காலியான பிஸ்கட் டின்னைத் தூக்கிப் போடவே விடமாட்டார்கள். அலமாரி மேலே வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். இத்தனை வருஷமாக அதைச் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது கலையாமே! (சிரிப்பு)

சிரிப்பு இருக்கட்டும். சகோதரி ஆரம்பித்த அந்தச் சூப் டப்பாவையே நானும் கையில் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கலைக்குப் பெயர் ‘பாப் ஆர்ட்’. பாதிக் கதையைச் சகோதரி சொல்லிவிட்டார். மீதிக் கதையைச் சொன்னால், அவரே எழுந்து எங்கள் அணிக்கு வந்துவிடுவார் என்பது என் நம்பிக்கை.

பாப் என்றால் என்ன? ‘பாப்புலர்’ என்ற சொல்லின் சுருக்கம். பெருவாரியான ஜனங்களுக்குத் தெரிந்தது என்று அர்த்தம். அரசனையும் தேவதையையும் வரைந்துகொண்டிருந்த கலை, சோப்பு அட்டையையும் சினிமா நட்சத்திரத்தையும் காமிக்ஸ் புத்தகத்தையும் வரைய ஆரம்பித்தது. அதுதான் பாப் ஆர்ட்.

அது எங்கே பிறந்தது? அமெரிக்காவில்தானே என்பீர்கள். இல்லை. லண்டனில். 1956ஆம் வருஷம் ‘வைட்சேப்பல்’ என்ற காட்சிக்கூடத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. அதற்காக ரிச்சர்டு ஹாமில்டன் என்ற ஓவியர் ஒரு படம் செய்தார். வரைந்தது கூட இல்லை. அமெரிக்கப் பத்திரிகை விளம்பரங்களைக் கத்தரித்து ஒட்டியது. அளவு என்ன தெரியுமா? ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலத்தை விடக் கொஞ்சம்தான் கூடுதல். அந்தச் சின்னப் படத்துக்குள்ளே ஒரு வீட்டின் கூடம். அதில் டி.வி. பெட்டி, டேப் ரிக்கார்டர், மேஜை மேலே இறைச்சி டப்பா, சுவரில் காமிக்ஸ் அட்டை, விளக்குக் குடையில் கார் கம்பெனியின் சின்னம். நடுவிலே ஒரு பயில்வான். அவர் கையில் கதாயுதம் மாதிரி ஒரு பெரிய மிட்டாய்க் குச்சி. அந்த மிட்டாய் உறையில் எழுதியிருந்தது ‘பாப்’!

இதைச் செய்தவர் எந்த ஊர்க்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1954 வரைக்கும், இறைச்சிக்கு ரேஷன் இருந்தது. சண்டை முடிந்து ஒன்பது வருஷம் ஆகியும் ரேஷன் அட்டை! கியூவில் நின்று இவ்வளவுதான் என்று வாங்கிச் சாப்பிட்ட தேசத்து மனுஷன், பளபளக்கிற அமெரிக்க விளம்பரத்தைப் பார்க்கிறான். ஆசையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. “இவ்வளவு சாமானா? இதெல்லாம் இருந்தால்தான் வீடா?” என்று கேட்கிறான். ஆசை பாதி, கேலி பாதி. பாப் ஆர்ட்டின் ஜாதகம் இதுதான், நடுவர் அவர்களே.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். நம்ம ஊர் மளிகைக் கடையில் என்ன நடக்கும்? “அண்ணாச்சி, துவரம்பருப்பு எப்படி?” என்று கேட்போம். “போன வாரம் வந்தது, நல்லா வேகும், கொண்டு போங்க” என்பார். சரக்கைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு ஆள் இருக்கிறார். அங்கே சூப்பர் மார்க்கெட் வந்தது. கூடையை எடுத்துக்கொண்டு நீங்களே உள்ளே போக வேண்டியது, நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டியது. அண்ணாச்சி இல்லை. அப்படியானால் சரக்கைப் பற்றி யார் பேசுவது?

பெட்டி பேச வேண்டும்! டப்பா பேச வேண்டும்! பத்தடி தூரத்தில் வருகிற அம்மாவைப் பார்த்து, “என்னை எடு, என்னை எடு” என்று கூவ வேண்டும். அண்ணாச்சியின் வாயைப் பெட்டிக்கு வைத்தவர்கள் யார்? ஓவியர்கள். பெரிய எழுத்து, கண்ணைப் பறிக்கிற நிறம், ஒரு வளைவு, ஒரு நட்சத்திரம் என்று எல்லாமே கலைஞன் கை வேலை. வணிகம் கலையை வேலைக்கு வைத்துக்கொண்டது. அதில் தப்பில்லை. ஓவியனும் சாப்பிட வேண்டுமே.

அப்படி வேலைக்கு வந்தவர்களில் ஒருவர்தான் ஆண்டி வார்ஹோல். 1928இல் பிட்ஸ்பர்க் நகரத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா இன்றைக்கு ஸ்லோவாக்கியா என்று சொல்கிற பகுதியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். பையனுக்குப் பதிமூணு வயசு இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அந்த அம்மா, ஜூலியா என்று பெயர், காலி தகர டப்பாக்களை வெட்டிப் பூப் பூவாகச் செய்து வீடு வீடாக விற்றவர். தகர டப்பாவில் பூப் பூக்க வைத்த தாய்! பிற்காலத்தில் நான் டப்பாவை வரைந்ததற்கு அம்மாவின் அந்தப் பூக்கள்தான் காரணம் என்று மகனே சொன்னதுண்டு. அம்மாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி வருவார்.

மகன் 1949இல் நியூயார்க் போனார். செருப்பு விளம்பரம், வாழ்த்து அட்டை, இசைத்தட்டு உறை என்று வரைந்து நல்ல பெயரும் காசும் சம்பாதித்தார். ஆனால் ‘விளம்பரக்காரன்’ என்ற முத்திரை விழுந்துவிட்டது. பெரிய ஓவியன் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது அவர் என்ன செய்தார்? விளம்பரத்தை விட்டு ஓடவில்லை. விளம்பரத்தையே ஓவியமாக்கினார்.

1962 ஜூலை மாதம், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ‘ஃபெரஸ்’ என்ற காலரி. கேம்ப்பெல் கம்பெனி விற்றுக்கொண்டிருந்தது 32 வகை சூப். இவர் வரைந்தது 32 படம். தக்காளிக்கு ஒன்று, காளானுக்கு ஒன்று. பெயர் மட்டும்தான் மாறும், டப்பா ஒன்றுதான். அவற்றை மளிகைக் கடை அலமாரி மாதிரி நீளமாக ஒரு பலகையில் வரிசையாக வைத்தார்கள். விலை, படம் ஒன்றுக்கு 100 டாலர்.

ஊரே சிரித்தது. பக்கத்து காலரிக்காரர் என்ன செய்தார் தெரியுமா? கடையில் போய் நிஜ சூப் டப்பாவை வாங்கி வந்து அடுக்கி வைத்து, “ஏமாறாதீர்கள், அசல் இங்கே கிடைக்கும், விலையும் குறைவு” என்கிற மாதிரி போர்டு போட்டுவிட்டார். (சிரிப்பு) நாலைந்து படம்தான் விலை பேசினார்கள். காலரி நடத்திய இர்விங் ப்ளம் அவர்களிடம் கெஞ்சித் திரும்ப வாங்கி, மொத்தம் 32 படத்தையும் தானே 1,000 டாலருக்கு எடுத்துக்கொண்டார். அதுவும் ரொக்கமாக இல்லை. மாசம் 100 டாலர், பத்துத் தவணை. நாம் மிக்ஸி, கிரைண்டர் வாங்குவோமே, அந்தக் கணக்குத்தான்!

அதே 32 படம் 1996இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனது. மதிப்பு சுமார் 1.5 கோடி டாலர். பார்த்தீர்களா, கலை வாழ்கிறது என்று எதிரணி கை தட்டும். கொஞ்சம் பொறுங்கள்.

சகோதரி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது; அதை ஒப்புக்கொள்கிறேன். வார்ஹோலே சொல்லியிருக்கிறார்: நாட்டின் ஜனாதிபதி குடிக்கிற கோலாவும், தெருவில் நிற்கிற ஏழை குடிக்கிற கோலாவும் ஒன்றுதான், காசு அதிகம் கொடுத்தால் அதைவிட நல்ல கோலா கிடைத்துவிடாது என்று. இது ஒரு சமத்துவம்தான். இன்னொன்று, அந்தப் படங்கள் நம்மைக் கேலியும் செய்தன. 1962 ஆகஸ்ட் மாதம் மர்லின் மன்றோ என்ற நடிகை இறந்துபோனார். வயது 36. வார்ஹோல் அவருடைய பழைய சினிமா விளம்பரப் படம் ஒன்றை எடுத்தார். ஐம்பது முகம் அச்சடித்தார். இடது பக்கம் இருபத்தைந்து, வண்ணத்தில். வலது பக்கம் இருபத்தைந்து, கறுப்பு வெள்ளையில், மை தீர்ந்து மங்கி மங்கி மறைகிற மாதிரி. “ஒரு பெண்ணைச் சோப்பு மாதிரி அச்சடித்து விற்றீர்களே, விற்று விற்றே அவளைக் கரைத்துவிட்டீர்களே” என்று ஒரு வார்த்தை பேசாமல் கேட்கிற படம் அது. கண்ணாடியைத் தூக்கி ஊருக்குக் காட்டிய படம். அது கலை இல்லை என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும்.

எப்படி அச்சடித்தார்? நம்ம ஊர்க் கல்யாணப் பத்திரிகைக்கும் துணிப்பைக்கும் செய்கிற ஸ்கிரீன் பிரிண்டிங்தான். சட்டத்தில் வலைத் துணியை இழுத்துக் கட்டி, புகைப்படத்தை அதில் ஏற்றி, ரப்பர் பட்டையால் மையை ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு படம். பத்து இழுப்பு, பத்துப் படம். உதவியாளர்கள் இழுப்பார்கள். வேலை செய்த இடத்துக்கே ‘ஃபாக்டரி’ என்று பெயர்! தொழிற்சாலை!

சரி, கண்ணாடி காட்டியாயிற்று. அப்புறம் என்ன ஆயிற்று? அதற்குத்தான் ஒரு பெட்டியின் கதையைச் சொல்லப் போகிறேன். என் பேச்சில் எல்லாவற்றையும் மறந்தாலும் இந்தக் கதையை மறக்காதீர்கள்.

‘பிரில்லோ’ என்று ஒரு சாமான். பாத்திரம் தேய்க்கிற இரும்பு நார், சோப்பு சேர்த்தது. அது கடைக்கு வருகிற அட்டைப் பெட்டி. வெள்ளைப் பெட்டி, சிவப்பிலும் நீலத்திலும் எழுத்து, தண்ணீர் அலையடித்துக் கழுவிவிட்டுப் போன மாதிரி நடுவில் ஒரு வெள்ளை வளைவு. பார்த்தாலே ‘பளிச்’ என்று இருக்கும். 1964 ஏப்ரல் மாதம் நியூயார்க்கில் ‘ஸ்டேபிள்’ காலரியில் வார்ஹோல் அந்தப் பெட்டியை மாதிரியே பலகையில் தச்சரைக் கொண்டு செய்து, அதே எழுத்தை, அதே நிறத்தை, அதே வளைவை அச்சடித்து, கிடங்கு மாதிரி அடுக்கி வைத்தார். ஒன்றின் விலை சில நூறு டாலர். ஆர்தர் டான்டோ என்ற தத்துவப் பேராசிரியர் அதைப் பார்த்து அசந்து போய், அதே வருஷம் ஒரு கட்டுரையே எழுதினார். கண்ணுக்கு இரண்டு பெட்டியும் ஒன்றுதான். பிறகு ஏன் ஒன்று கலை, இன்னொன்று வெறும் பெட்டி? இதுதான் அவர் கேள்வி. அடுத்த வருஷம் கனடாவில் சுங்க இலாகாவுக்கும் அதே தலைவலி. சிலை என்றால் வரி கிடையாது, சரக்கு என்றால் வரி உண்டு. தேசியக் கலைக்கூடத்தின் இயக்குநரைக் கேட்டார்கள். “இது சிற்பம் இல்லை” என்று சொல்லிவிட்டார். சரக்கு என்று வரி போட்டார்கள்! (சிரிப்பு)

பேராசிரியர் கேட்டார் ஒரு கேள்வி, அதிகாரி கேட்டார் ஒரு கேள்வி. எனக்கு இன்னொரு கேள்வி. ரொம்பச் சாதாரணமான கேள்வி. அந்த அட்டைப் பெட்டியை முதலில் வரைந்தது யார்?

யாராவது கேட்டீர்களா? நீங்கள் கேட்கவில்லை, நானும் பல வருஷம் கேட்கவில்லை. அவர் பெயர் ஜேம்ஸ் ஹார்வி. 1961இல் கம்பெனிக்காக அந்தப் பெட்டியை வடிவமைத்தவர். அவர் யார் தெரியுமா? அவரும் ஓவியர்! பிழைப்புக்காகப் பெட்டி வரைவார். மனசுக்காகப் பெரிய துணியில் வண்ணத்தை அள்ளித் தீட்டுவார். அந்தத் தன் ஓவியங்களை நியூயார்க் காலரியில் கண்காட்சியும் வைத்தவர். ‘ஸ்டேபிள்’ காலரியின் திறப்பு நாளன்று அவரும் உள்ளே போகிறார். எதிரே அடுக்கடுக்காக நிற்கிறது... அவர் போட்ட பெட்டி!

நினைத்துப் பாருங்கள், தாய்மார்களே. நீங்கள் போட்ட கோலத்தைப் பக்கத்து வீட்டு அம்மா அப்படியே எடுத்துப் போட்டுப் பரிசு வாங்கினால், நீங்கள் வாசலில் நின்று எப்படிப் பார்ப்பீர்கள்? அந்த மனுஷன் அப்படித்தான் பார்த்திருப்பார். தன்னுடைய சொந்த ஓவியத்தை வாங்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. கூலிக்கு வரைந்த பெட்டி அடுத்தவர் பெயரில் கலையாகி நிற்கிறது. வழக்குப் போட முடியுமா? அந்த வேலையின் வழக்கம் அப்படி: கூலி வாங்கியாயிற்று என்றால் படம் கம்பெனிக்குச் சொந்தம். 1965இல், அடுத்த வருஷமே, ஹார்வி புற்றுநோயில் இறந்துபோனார். நாற்பது வயசைத் தொடவில்லை.

பெட்டி என்ன ஆயிற்று? 1969இல் அமெரிக்காவில் ஒரு குடும்பம் 1,000 டாலருக்கு வாங்கிய வார்ஹோல் பெட்டி ஒன்று, கை மாறிக் கை மாறி, 2010இல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 30 லட்சம் டாலருக்கு மேல்! அதே கோடு, அதே நிறம், அதே வளைவு. பெட்டி ஒன்று, விலை இரண்டு. ஹார்வி வரைந்த அட்டைப் பெட்டி? இரும்பு நாரைக் கீழே கொட்டிவிட்டுக் குப்பைக்குப் போனது.

இப்போது சொல்லுங்கள். விலை எதற்கு? வடிவத்துக்கா? வடிவம் ஹார்வியுடையது. உழைப்புக்கா? பலகை தச்சருடையது, மை இழுத்தது உதவியாளர். புதுசாக ஒரு யோசனை சொன்னாரே, அதற்கு என்று எதிரணி சொல்லும். அது உண்மை, ‘இதையும் பார்’ என்று சொன்னது வார்ஹோலின் யோசனைதான். அதற்குரிய கூலியை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் நாள் சில நூறு டாலராக இருந்த யோசனை, நாற்பத்தாறு வருஷத்தில் முப்பது லட்சமாக வளர்ந்ததா? வளர்ந்தது யோசனை இல்லை, நடுவர் அவர்களே. வளர்ந்தது பெயர்! வார்ஹோல் என்கிற பெயரே ஒரு பிராண்டு ஆகிவிட்டது. சோப்பு விற்பவன் என்ன செய்கிறான்? உள்ளே இருப்பதை விட மேலே இருக்கிற பெயருக்கு நம்மைக் காசு கொடுக்க வைக்கிறான். கலைச் சந்தையும் அதே வித்தையைத்தான் செய்தது. கேலி செய்ய வந்த கலையைச் சந்தை பிடித்து, அதன் நெற்றியிலேயே லேபிள் ஒட்டிவிட்டது.

இது ஒரு ஹார்வியோடு முடிகிற கதை இல்லை. ராய் லிக்டன்ஸ்டைன் என்று இன்னொரு பாப் ஓவியர். காமிக்ஸ் கட்டத்தைப் பெரிதாக்கி, அச்சில் வருகிற புள்ளிகளைக் கூட விடாமல் வரைந்தவர். விமானம் ஏவுகணை விடுகிற அவருடைய படம், 1963இல் வரைந்தது, லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. நாலு மீட்டர் அகலம்! அது 1962இல் வந்த ஒரு போர்க் காமிக்ஸ் கட்டத்தைப் பார்த்து வரைந்தது. அந்தக் கட்டத்தை வரைந்தவர் இர்வ் நோவிக். லிக்டன்ஸ்டைன் பெயர் உலகத்துக்குத் தெரியும். நோவிக் பெயரைக் காமிக்ஸ் பிரியர்களைத் தவிர யாருக்குத் தெரியும்?

இன்னும் ஒரு வேடிக்கை. ஸ்வீடன் நாட்டில் 1990இல் நூறுக்கும் மேற்பட்ட பிரில்லோ பெட்டிகள் செய்யப்பட்டன. வார்ஹோல் இறந்தது 1987இல். அந்தப் பெட்டிகளில் சில, 1968இல் அவர் சம்மதத்தோடு செய்தவை என்று சொல்லி விற்கப்பட்டன. 2007இல் விஷயம் வெளியே வந்தது. ஒரே கூப்பாடு: “ஐயோ, போலி! நாங்கள் ஏமாந்துவிட்டோம்!” எதற்குப் போலி? அட்டைப் பெட்டிக்கு நகலாக ஒரு மரப்பெட்டி, அந்த நகலுக்கு நகல் இது. அசலை வரைந்தவன் மண்ணுக்குள் போய்விட்டான். நகலுக்கு நகல் செய்தால் மட்டும் குற்றம்! (கைதட்டல்)

சரி, சந்தை அந்தக் கண்ணாடியை என்ன செய்தது? உடைக்கவில்லை. உடைத்தால் சத்தம் கேட்கும். விலைக்கு வாங்கிவிட்டது! முதலில் யோசித்த சூப் கம்பெனி, 1964இல் வார்ஹோலுக்குப் பாராட்டுக் கடிதம் எழுதி, உங்களுக்குத் தக்காளி சூப் பிடிக்குமாமே என்று பெட்டி பெட்டியாகச் சூப்பும் அனுப்பியது. 2012இல், படம் வரைந்து ஐம்பது வருஷம் ஆனதைக் கொண்டாட, அவருடைய பாணி நிறங்களில் 12 லட்சம் டப்பா அச்சடித்து 75 சென்ட்டுக்கு விற்றது. டப்பாவைப் பார்த்துப் படம் வந்தது போய், படத்தைப் பார்த்து டப்பா வந்துவிட்டது! அந்த மர்லின் படங்களில் ஒன்று 2022 மே மாதம் ஏலத்தில் போன விலை 19.5 கோடி டாலர். “ஒரு பெண்ணின் முகத்தை விற்றீர்களே” என்று கேட்ட படத்தின் விலை 19.5 கோடி! கேள்வியையே விற்றுவிட்டார்கள் ஐயா!

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டே நிமிஷம்.

அம்மாவை மறக்காதீர்கள் என்றேன் அல்லவா? ஜூலியா அம்மா 1950களின் தொடக்கத்தில் மகனோடு வந்து தங்கினார். ஆங்கிலம் சரியாக வராது. ஆனால் கையெழுத்து, சுழித்துச் சுழித்துக் கொடி படர்ந்த மாதிரி அவ்வளவு அழகு. மகன் தன்னுடைய விளம்பரங்களில் அம்மாவைக் கொண்டுதான் எழுத வைத்தார். பல படத்தில் மகனுடைய கையெழுத்தைப் போட்டதே அம்மாதான்! 1958இல் ஒரு இசைத்தட்டு உறைக்கு அந்த அம்மா எழுதிய எழுத்துக்கு அமெரிக்க வரைகலை நிறுவனம் விருது கொடுத்தது. விருதில் என்ன பெயர் தெரியுமா? ஜூலியா என்று இல்லை. ‘ஆண்டி வார்ஹோலின் அம்மா’ என்று!

சிரிக்கத் தோன்றுகிறதா? இந்த அரங்கத்தில் இருக்கிற எத்தனை தாய்மார்களுக்கு அது சிரிப்பாக இருக்கும், எத்தனை பேருக்குச் சுருக்கென்று இருக்கும் என்று எனக்குத் தெரியும். கை அம்மாவுடையது, பெயர் மகனுடையது. வாழ்நாளெல்லாம் நீங்கள் வாங்குகிற விருதும் அதுதானே? (நீண்ட கைதட்டல்)

ஆக, எங்கள் அணி சொல்வது இதுதான். கலைக்கு விலை வைத்ததை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. கலைஞன் பட்டினி கிடந்தால்தான் கலை வாழும் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. எங்கள் வழக்கு வேறு. இந்தச் சந்தை பெயருக்கு விலை வைக்கிறது, கையை மறந்துவிடுகிறது. வரைந்த கையை மறந்த இடத்தில் படம் வாழலாம், விலை வாழலாம், கலை வாழாது.

“அப்படியானால் வழியே இல்லையா?” என்று கேட்பீர்கள். இருக்கிறது. லின் கோல்ட்ஸ்மித் என்று ஒரு பெண் புகைப்படக் கலைஞர். 1981இல் ‘பிரின்ஸ்’ என்ற பாடகரைப் படம் எடுத்தார். 1984இல் ஒரு பத்திரிகை, ஒரே ஒரு தடவை பார்த்து வரைய மட்டும் என்று 400 டாலர் கொடுத்து அந்தப் படத்தை வாங்கியது. வரைந்தது வார்ஹோல். ஒரு படத்துக்குச் சம்மதம். அவர் செய்தது பதினாறு! 2016இல் பாடகர் இறந்தபோது, அதில் இன்னொரு படத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்து வார்ஹோல் அறக்கட்டளை 10,000 டாலர் வாங்கியது. அந்த அம்மாவுக்கு ஒரு பைசா இல்லை. பெயர் கூடப் போடவில்லை. விஷயம் நீதிமன்றம் ஏறியது. எதிரே நிற்பது எவ்வளவு பெரிய பெயர்! 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏழு நீதிபதிகள் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம், தீர்ப்புச் சொன்னது. அந்தப் படத்தைப் பத்திரிகைக்கு விற்ற விஷயத்தில் நியாயம் புகைப்படக்காரர் பக்கம் என்றது. புகழ் பெற்றவரின் பெயர் இருக்கிறது என்பதால், படம் எடுத்த கையை ஒதுக்கிவிட முடியாது என்று ஆயிற்று.

ஹார்விக்குக் கிடைக்காதது கோல்ட்ஸ்மித்துக்குக் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது? சந்தை தானாகக் கொடுத்ததா? இல்லை. ஒரு பெண் எழுந்து நின்று, “இது யார் கை?” என்று கேட்டார். கேட்டதால் கிடைத்தது. அப்படியானால், கேட்காத வரைக்கும் வணிகம் விழுங்கத்தான் செய்யும் என்பது நிரூபணம் ஆகிறதா இல்லையா?

வீட்டுக்குப் போய் உங்கள் குழந்தையிடம் ஒரு சோப்பு உறையைக் கொடுங்கள். என்ன விலை என்று கேட்காதீர்கள். அதை அதுவே படித்துவிடும். “இதை யார் வரைந்திருப்பார்கள், கண்ணு?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஒரு வீட்டிலாவது இன்றைக்கு ராத்திரி கேட்கப்பட்டால், பெயர் தெரியாமல் போன அந்த ஹார்விக்கு நாம் செலுத்துகிற மரியாதை அது.

நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையில். ஆனால் அதை எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை பாருங்கள்: உங்கள் மேஜை மேலே இருக்கிற அந்தத் தண்ணீர்ப் பாட்டிலில் கம்பெனி பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது, தேதி இருக்கிறது. படம் வரைந்தவன் பெயர் இருக்கிறதா?

இல்லை என்றால், கலை வீழ்கிறது என்றே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.